இதயத்துடிப்பு சீரற்றவர்களுக்கு உடற்பயிற்சி சிகிச்சையாகுமா?

இதயத்துடிப்பு சீராக இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு உடற்பயிற்சி செய்யலாமா, அதனால் துடிப்பு சீராகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது எந்த வகைச் சீரின்மை என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள், விடை அதைப் பொறுத்தே அமையும். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தின் மின்செயல் மீள வழக்கத்தைவிட அதிக நேரமாகும், பரம்பரையாக வரும் நீண்ட க்யூடி குறைபாட்டின் சில வகைகளிலும், இதயத்தின் வலது கீழறைத் தசை நாராகவும் கொழுப்பாகவும் மாறும் நோயிலும் கடும் பயிற்சியே ஆபத்தான துடிப்பைத் தூண்டிவிடக்கூடும். நான் எழுதுவது, மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைப் பற்றி மட்டுமே. நான் மருத்துவன் அல்லன். சில ஆண்டுகளாக இந்நோயோடு வாழ்பவன்.

இந்நோய்க்கு உடற்பயிற்சி ஒரு சிகிச்சைதான் என்று தயங்காமல் சொல்வேன். நார்வேயில் 51 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒரு பிரிவினர் 12 வாரங்கள், வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நிமிடக் கடும் பயிற்சியை இடைவெளி விட்டு நான்கு முறை செய்தனர். அவர்கள் சீரற்ற துடிப்பில் கழித்த நேரம் சராசரியாக 8.1 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தது. வழக்கம்போல் இருந்தவர்களுக்கோ 10.4 சதவீதத்திலிருந்து 14.6 சதவீதமாக ஏறியது. தோலுக்கடியில் பொருத்திய பதிவுக் கருவி அளந்த கணக்கு இது என்பதால், ஆய்வு சிறியதாயினும் நான் இதற்கு மதிப்பளிக்கிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 120 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வில், ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 40 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் மீண்டும் நோய்க்கு ஆளாகாமல் இருந்தனர். சேராதவர்களில் அது 20 சதவீதமே. ஆனால் பயிற்சி செய்தவர்களிலும் பத்தில் ஆறு பேருக்கு நோய் திரும்பியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடந்தால் மாத்திரையே வேண்டாம் என்பவர்களை நம்பாதீர்கள்.

இது எப்படிப் பலன் தருகிறது என்றால், உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல் முதலியவை மேலறைகளை விரியச் செய்து, அவற்றின் சுவரில் தழும்பை ஏற்படுத்துகின்றன. உடற்பயிற்சி இவற்றைக் குறைப்பதால், நோய் வேரூன்றும் இடமே மாறத் தொடங்குகிறது.

பலர் தடுமாறுவது எவ்வளவு கடுமையாகச் செய்வது என்பதில்தான். வழக்கமாகச் சொல்லப்படும் நாடித்துடிப்பு இலக்குகள் நமக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. சீரற்ற துடிப்பின்போது இதயத்தின் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை எட்டுவதே இல்லை. எனவே கைக்கடிகாரம் குறைத்துக் காட்டக்கூடும். துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, எவ்வளவு முயன்றாலும் துடிப்பு ஓரளவுக்கு மேல் ஏறாது. மூச்சுதான் நம்பத்தக்க அளவுகோல். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தொடக்கத்தில் அந்த வேகம் போதும். பயிற்சி நேரத்தில் நான் கடிகாரத்தைக் கழற்றியே வைத்துவிடுகிறேன், அதைப் பார்த்துப் பார்த்து வரும் படபடப்பு தனி நோய்.

அளவு மிஞ்சினாலும் கேடு உண்டு. சுவீடனில் 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் பந்தயத்தை ஓடி முடித்த ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அதிகப் பந்தயங்களில் ஓடியவர்களுக்குத் துடிப்புச் சீரின்மையும் அதிகமாக இருந்தது. ஆயினும் அரை மணி நேர நடைக்கே சோம்பும் நம்மில் பலர் இதைக் காரணம் காட்டுவது வேடிக்கை.

தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஈசிஜியும், எக்கோ எனும் இதய ஸ்கேனும் பார்த்து, ஓய்வு நிலையில் துடிப்பு நிமிடத்துக்கு 110-ஐத் தாண்டினால் முதலில் அதைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். பயிற்சியின் நடுவே மார்பு வலியோ, கண் இருட்டலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் தணியாவிட்டாலோ மயங்கி விழுந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பலமாக அடிபடக்கூடிய விளையாட்டுகளைத் தவிர்ப்பது நல்லது. உடல் தேறிவிட்டது என்று அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்நோயில் பக்கவாத அபாயத்தை வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன்பு பக்கவாதம் வந்திருத்தல் போன்றவற்றைக் கொண்டு கணக்கிடுகிறார்களே தவிர, இப்போது துடிப்பு சீராக உணரப்படுகிறதா என்பதைக் கொண்டு அன்று.