கடைசி எழுத்து தெரிந்துவிட்டது, மீதி நான்கு?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் தினமும் போனில் வேர்டில் என்ற ஆங்கில வார்த்தை ஊகிக்கும் ஆட்டத்தை ஆடுகிறான். கடைசி எழுத்து ஒய் என்று பச்சையாக வந்த பிறகும் ஹேப்பி, ஃபன்னி, சன்னி என்று அடுக்கிக்கொண்டே போய்த் தோற்றுவிடுகிறான். ஒய்யில் முடியும் ஐந்தெழுத்து வார்த்தைகளின் பட்டியலை எடுத்துக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

பதில்: பட்டியல் வேண்டாம். நெட்டில் கிடைக்கும் பட்டியல்களில் பாதிக்கு மேல் யாரும் பேசாத, எழுதாத வார்த்தைகள். உங்கள் மகனுக்கு வார்த்தைப் பஞ்சம் இல்லை. ஹேப்பியும் ஃபன்னியும் சட்டென்று வருகிறதே! வாய்ப்பைச் செலவு செய்யும் விதத்தில்தான் கோளாறு.

ஜாஷ் வார்டில் 2021-ல் வெளியிட்ட இந்த ஆட்டத்தை 2022-ல் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தையை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, வார்த்தையில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். இப்போது அவன் போட்ட மூன்று வார்த்தைகளையும் எண்ணிப் பாருங்கள். ஹேப்பியில் பி இரண்டு முறை. ஃபன்னியிலும் சன்னியிலும் என் இரண்டு முறை, யு மறுபடியும். ஒய்யைத் தள்ளிவிட்டால் மூன்று வாய்ப்பில் அவன் சோதித்தது ஏழே எழுத்து.

அதே மூன்று வாய்ப்பில் பார்ட்டி, மணி, லக்கி என்று போடச் சொல்லுங்கள். இங்கே மணி என்பது பணம், எம்-ஓ-என்-இ-ஒய். மூன்றும் ஒய்யில்தான் முடிகின்றன, ஆனால் ஒய் தவிர ஓர் எழுத்துகூடத் திரும்ப வரவில்லை. பன்னிரண்டு எழுத்துகள் சோதனையாகிவிடும். ஏ, ஓ, இ, யு என்று நான்கு உயிரெழுத்துகளும் அதில் அடக்கம். நான்கும் சாம்பல் என்றால் மிச்சம் ஐ மட்டும்தான், ஃபிஷி, டிஸ்ஸி பக்கம் போகலாம். நடுவில் ஏதாவது எழுத்து மஞ்சளோ பச்சையோ ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு வழியை மாற்ற வேண்டும், மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. இரட்டை எழுத்து வார்த்தைகளைப் பிற்பாட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது. அப்படிப் போடும்போது ஒரு பி நிறம் மாறி இன்னொரு பி சாம்பலாகவே இருந்தால், விடையில் பி ஒன்றுதான் என்று அர்த்தம். பல பிள்ளைகள் இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு பி-யையே விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது நான்காம் எழுத்து. கடைசி எழுத்து தெரிந்தவுடன் பார்க்க வேண்டிய இடம் அதுதான், முதல் எழுத்து அல்ல. ஒய்க்கு முன்னால் ஐயும் யுவும் வருவது ஏறக்குறைய இல்லை. உயிரெழுத்து வந்தால் டுடே, மணி, என்ஜாய் போல ஏ, இ, ஓ மூன்றில் ஒன்று. மற்றபடி பெரும்பாலும் மெய்யெழுத்துதான்: டெய்லி, ஸ்டோரி, எம்ப்டி, கேண்டி.

எச்சில் முடிந்தால் வேலை இன்னும் சுலபம். நம் சென்னை பீச் ஸ்டேஷன் பெயர்ப்பலகையில் இருக்கும் பீச் ஐந்தெழுத்துதான், எச்சுக்கு முன்னால் சி. லன்ச்சிலும் சி, பிரஷ்ஷில் எஸ், டூத்தில் டி, லாஃப் என்ற சிரிப்பில் ஜி. ஏறக்குறைய இந்த நான்குக்குள் அடங்கிவிடும். கே-யில் முடிந்தால் முதலில் சி (பிளாக், டிரக்), அடுத்து என் (டிரிங்க், பிளாங்க்). மெட்ரோ, கார்கோ, ரேடியோ, ஃபோட்டோ போல ஓ-வில் முடிபவை குறைவு. அவற்றில் நிறைய வேறு மொழிகளிலிருந்து வந்து சேர்ந்தவை.

இ-யில்தான் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் சறுக்குகிறார்கள், காதில் விழாத எழுத்து அது. ஹார்பரில் நிற்கும் கிரேன் 'ன்' என்று முடிவதாகத்தான் கேட்கும், எழுதும்போது கடைசியில் இ. ஆங்கில வார்த்தைகள் வி-யிலோ ஜே-யிலோ முடிவது மிக அபூர்வம். அந்த ஒலியில் முடிந்தால் பின்னால் இ ஒட்டிக்கொள்ளும்: டிரைவ், லீவ், ஜட்ஜ். எனவே இ பச்சையானால் பிளேட், ஸ்மைல், ஃபோன் போல மூன்றாம் இடத்தில் உயிரெழுத்து வரும் வார்த்தைகளை முதலில் பாருங்கள். பிறகு டேபிள், ஆப்பிள் வகை, அதற்குப் பிறகு நர்ஸ், ஹார்ஸ் வகை. விடைகளில் இ-யில் முடிபவைதான் அதிகம், அடுத்தது ஒய். அதனால் முதல் வார்த்தையாகக் கிரேனைப் போடுவது நல்ல பழக்கம்.

எஸ்ஸில் எச்சரிக்கை. புக்ஸ், கார்ட்ஸ் என்று வெறும் எஸ் சேர்த்த பன்மை பொதுவாக வேர்டிலில் விடையாக வராது. கிளாஸ், டிரெஸ், போனஸ், வைரஸ் மாதிரி வார்த்தைகளே வரும். ஸ்கிராபிளில் அப்படியில்லை, அங்கே பன்மை தாராளமாகச் செல்லும்.

இனி, நன்றாக ஆடுபவர்களையும் கவிழ்க்கும் இடம்: டி-யில் முடியும் நைட் குடும்பம். ஐ-ஜி-எச்-டி நான்கும் பச்சையாகிவிட்டால் ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். நைட், லைட், ரைட், ஃபைட், சைட், மைட், டைட், கூடவே எய்ட். எட்டுப் பேர் நிற்கிறார்கள், கையில் இருப்பது நான்கு வாய்ப்பு என்றால் ஒவ்வொன்றாகப் போட்டால் பாதிக்குப் பாதிதான். கேரமில் சிவப்பைப் போட வழியில்லாதபோது இடைஞ்சல் காயை முதலில் தள்ளுவோம் இல்லையா, அதுபோல இங்கே விடையாக இருக்கவே முடியாத ஒரு வார்த்தையைத் தெரிந்தே போட வேண்டும். ஃபிலிம்ஸ் போடுங்கள். எஃப் நிறம் மாறினால் ஃபைட், எல் என்றால் லைட், எம் என்றால் மைட், எஸ் என்றால் சைட். நான்கும் சாம்பலா? அடுத்து இன்னர். என் நிறம் மாறினால் நைட், இ என்றால் எய்ட், ஆர் என்றால் ரைட், எதுவும் இல்லையென்றால் டைட். மூன்றாவது வாய்ப்பில் தொடங்கினால் ஐந்தாவதில் விடை கையில் இருக்கும். செட்டிங்ஸில் 'ஹார்ட் மோடு' போட்டிருந்தால் இந்த வழி செல்லாது, கிடைத்த குறிப்பை அடுத்த வாய்ப்பில் பயன்படுத்தியே ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு இப்போதைக்கு அது வேண்டாம், அணைத்து வையுங்கள்.

மனப்பாடத்துக்குப் பதில் ஒரு நோட்டுப் போடுங்கள். கடைசி எழுத்துக்கு ஒரு பக்கம், உள்ளே நான்காம் எழுத்துவாரியாகப் பிரித்து எழுதட்டும். வழியில் பார்த்ததும் பாடத்தில் வந்ததும் மட்டும் எழுதினால் போதும். சாதாரண டிக்‌ஷனரி முதல் எழுத்து வரிசையில் இருப்பதால் இதற்கு உதவாது. ஒரு பக்கம் காலியாகவே கிடந்தால் ஒன்லுக் என்ற வார்த்தை தேடும் தளத்தில் நான்கு கேள்விக்குறியும் அதை ஒட்டி அந்தக் கடைசி எழுத்தும் அடித்துத் தேடுங்கள். வருவதில் அவனுக்கு அர்த்தம் தெரிந்ததை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.