கவுனை எந்தப் பக்கமாக மடிப்பது?

கேள்வி: சிறிய மருத்துவமனை ஒன்றில் என்னைத் துணி அறை வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அறுவைசிகிச்சை கவுனை உள்பக்கம் வெளியே தெரியும்படி மடிக்க வேண்டும் என்கிறார் சீனியர் சிஸ்டர். துணி சப்ளை செய்பவரோ, "ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) போய் வந்தால் எல்லாப் பக்கமும் ஸ்டெரைல்தானே (கிருமியற்றதுதானே), எப்படி மடித்தால் என்ன" என்கிறார். எது சரி? மடித்து வைத்த கவுன் எத்தனை நாள் ஸ்டெரைலாக இருக்கும்? பிரித்துவிட்டு யாரும் போட்டுக்கொள்ளாத கவுனை அப்படியே திரும்ப மடித்து வைக்கலாமா?

பதில்: சிஸ்டர் சொல்வதுதான் சரி. சப்ளையர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் பலர் அதை நம்பிவிடுகிறார்கள். ஆட்டோகிளேவிலிருந்து வெளியே வரும் கவுன் உள்ளும் புறமும் ஸ்டெரைல்தான். ஆனால் அதை எடுத்து அணிபவரின் கை ஸ்டெரைல் இல்லை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் தோலில் இருக்கும் கிருமிகள் குறையுமே தவிர முழுதாகப் போகாது. கையுறை போடுவது கவுனுக்கு அப்புறம்தான். அப்படியென்றால் கவுனை முதலில் தொடுவது வெறும் கை. அந்தக் கை படும் பக்கம் உடம்பை ஒட்டி இருக்கப்போகும் உள்பக்கமாக இருந்தால் நோயாளிக்குப் பாதிப்பில்லை. வெளிப்பக்கமாக இருந்தால், நோயாளியின் வயிற்றுக்கு நேரே வரப்போகும் துணியில் நாமே கிருமியைத் தடவிவிட்டோம் என்று அர்த்தம்.

மடிப்பு கிருமியைக் கொல்வதில்லை. ஆவி உள்ளே போக வழி விடுவதும், அணிபவரின் கை எங்கே படும் என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதும்தான் அதன் வேலை.

மடிக்கும் முறையைச் சொல்கிறேன். ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும், அடிப்படை ஒன்றுதான். முதலில் கவுனை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசி நுழையும் அளவு ஓட்டை இருந்தாலும் ஒதுக்கி வையுங்கள். நாடா அறுந்திருக்கிறதா, மணிக்கட்டுப் பின்னல் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நூல் பிசிறையும் முடியையும் எடுத்துவிடுங்கள். பிறகு தோள் இரண்டிலும் உள்பக்கமாகக் கை விட்டுத் தூக்கிப் பிடித்து, தோளோடு தோள் சேருங்கள். கவுன் முன்பக்க நடுக்கோட்டில் இரண்டாக மடியும். வெளிப்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும், உள்பக்கம் வெளியே வந்துவிடும். கைகள் இரண்டும் நடுவில் நேராகத் தொங்க வேண்டும். சுருண்டு கிடந்தால் நீவிவிடுங்கள். மேசையில் கிடத்தி நீளவாக்கில் இன்னொரு மடிப்பு. அப்புறம் கீழ் ஓரத்திலிருந்து கழுத்தை நோக்கி விசிறி மடிப்பாக, முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே வாருங்கள். முடிக்கும்போது கழுத்தின் உள்பக்கம் மேலே தெரிய வேண்டும். அதன் மேல் கை துடைக்கும் துண்டு ஒன்று.

ஏன் விசிறி மடிப்பு? அணிபவர் கழுத்தின் உள்பக்கத்தைப் பிடித்துத் தூக்கி, மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்து விட்டால், கவுன் தன் எடையிலேயே முழுதாக இறங்க வேண்டும். உதறக்கூடாது. உதறினால் பிசிறும் தூசும் பறக்கும், துணி எதிலாவது போய்ப் படும். சுருட்டி வைத்த கவுன் உதறாமல் பிரியாது, அதனால் சுருட்டவே வேண்டாம். துண்டை மேலே வைப்பதற்கும் காரணம் உண்டு. கை கழுவி வருபவர் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். ஈரக்கை நேராகக் கவுன் மேல் சொட்டினால் அந்த ஈரத்தின் வழியாகவே கிருமி இறங்கிவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல துணி அறைகளில் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். முதுகு முழுவதையும் மூடும்படி கூடுதல் மடல் வைத்த சுற்றுக் கவுன் இருக்கிறது அல்லவா, அதைச் சாதாரண கவுன் போல மடித்தால் போதாது. சாதாரண கவுனில் கழுத்து நாடாவையும் உள்பக்க இடுப்பு நாடாவையும் அறுவைசிகிச்சை தியேட்டரில் சுற்றி நிற்கும் உதவியாளர் கட்டிவிடுவார். அவர் கையுறை போட்ட ஸ்டெரைல் ஆள் இல்லை. அந்த நாடாக்கள் பின்பக்கம் சேர்ந்தவை என்பதால் அது பரவாயில்லை. சுற்றுக் கவுனில் மடலோடு சேர்ந்த வெளி நாடா அப்படியில்லை. அது சுற்றிவந்து முன்பக்கம், இடுப்பில் முடியும். அதை ஸ்டெரைல் கை மட்டும்தான் தொடலாம். ஆகவே மடிக்கும் முன்பே மடலின் நாடாவையும் இடுப்பு நாடாவையும் முன்பக்கம் கொண்டுவந்து, ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாகப் போட்டுவிட வேண்டும். இறுக்கினால் கையுறையோடு அவிழ்க்க முடியாது. போடாமல் விட்டால் கவுன் பிரியும்போது நாடா தொங்கி, இடுப்புக்குக் கீழே ஆடும். இடுப்புக்குக் கீழே போன நாடாவை ஸ்டெரைலாகக் கணக்கில் எடுப்பதில்லை, திரும்ப மேலே எடுத்துக் கட்டவும் கூடாது. முடிச்சு சரியாக இருந்தால், கையுறை போட்ட பிறகு அணிபவரே அதை அவிழ்த்து, ஒரு நுனியைக் கையுறை போட்ட இன்னொருவரிடம் கொடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி வாங்கிக் கட்டிக்கொள்வார். அப்படி ஒருவர் இல்லையென்றால் நுனியை ஸ்டெரைல் இடுக்கியில் மாட்டிக் கொடுப்பார்கள். இவ்வளவு செய்தும் முதுகுப் பக்கத்தை ஸ்டெரைல் என்று கணக்கில் எடுப்பதில்லை, தன் முதுகை யாராலும் கண்காணிக்க முடியாது என்பதால். முன்பக்கம் மார்பிலிருந்து மேசை மட்டம் வரை, கைகளில் முழங்கைக்கு மேல் 5 சென்டிமீட்டர் வரை, அவ்வளவுதான் ஸ்டெரைல். மணிக்கட்டுப் பின்னலும் அதில் சேராது, அதைக் கையுறை முழுதாக மூடியாக வேண்டும்.

மடிப்பவர்களில் எத்தனை பேர் தியேட்டருக்குள் நின்று ஒருவர் கவுன் போடுவதைப் பார்த்திருப்பார்கள்? நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில். சுவரில் மங்கிப்போன படம் ஒன்றை ஒட்டிவிட்டு, இதுதான் பயிற்சி என்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து இயந்திரம் வாங்குபவர்களுக்கு, துணி அறை ஊழியரை ஒரு காலைப்பொழுது தியேட்டருக்குள் அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் சிஸ்டரிடம் கேட்டு ஒரு முறை போய்ப் பாருங்கள். இந்தப் பதில் முழுவதும் அங்கே ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

அடுத்தது ஆவி. கவுன்களை இறுக்கி அடுக்கினால் நடுவில் காற்று தங்கும், காற்று தங்கிய இடத்தில் ஆவி நுழையாது. துணி பேக் ஒன்று 30-க்கு 30-க்கு 50 சென்டிமீட்டர் அளவையும், சுமார் 5.4 கிலோ எடையையும் தாண்டக்கூடாது என்பது நீண்டகாலமாக உள்ள வரம்பு. இரண்டு அடுக்குச் சுற்றுத்துணியில், ஓரங்களை உறை போல மடித்துச் சுற்றுங்கள். குண்டூசியோ ஸ்டேப்ளரோ வேண்டாம், அவை போடும் ஓட்டையே போதும். ஆட்டோகிளேவுக்குள் பேக்குகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல், இடைவெளி விட்டு விளிம்பில் நிறுத்துங்கள். உலோகக் கருவிகளும் கூடவே போனால் துணி மேல் தட்டில் இருக்கட்டும், உலோகத்தில் சேரும் நீர் துணியில் சொட்டக்கூடாது. சாதாரண ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம், காற்றை உறிஞ்சி எடுக்கும் வகையில் 132 டிகிரியில் 4 நிமிடம் என்பது சுற்றிய பேக்குக்கான வழக்கமான கணக்கு. உள்ளே வெப்பம் அந்த அளவை எட்டிய பிறகுதான் இந்த நேரத்தை எண்ண வேண்டும், சுவிட்ச் போட்ட நேரத்திலிருந்து அல்ல. உலர்த்தும் நேரம் தனி. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பேக்காகச் சுற்றாமல், மூடித் திறக்கும் துளைகள் உள்ள உலோக டிரம்மில் கவுன்களை வைக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நான் அதை விரும்புவதில்லை. கவுன்களை அமுக்கித் திணிக்கத் தூண்டும் பாத்திரம் அது. துளைகளைத் திறக்காமல் உள்ளே வைப்பதும் நடக்கிறது, வெளியே எடுத்தபின் மூட மறப்பதும் நடக்கிறது. ஒரு கவுனுக்காக மூடியைத் திறந்துவிட்டு மீதியை மாலை வரை எடுத்துக்கொண்டே இருப்பார்கள். முதல் முறை திறந்தபோதே மற்றவையும் போய்விட்டன.

இனி எச்சரிக்கைகள். பேக்கின் மேல் ஒட்டும், சூட்டில் நிறம் மாறும் டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டது, ஆகவே ஸ்டெரைல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்தப் பேக் வெப்பத்துக்குள் போய் வந்தது என்பதை மட்டும்தான் டேப் சொல்லும். நடு மடிப்பு வரை ஆவி போனதா என்பதைப் பேக்கின் நடுவே வைக்கும் இண்டிகேட்டர் பட்டைதான் காட்டும். அந்தப் பட்டைக்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தச் சொல்லும் நிர்வாகத்திடம், எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள்.

அப்புறம், புற ஊதா விளக்குப் பெட்டி விற்க வருபவர்கள். மடித்த கவுனை அதற்குள் வைத்தால் ஸ்டெரைல் ஆகிவிடும் என்பார்கள். அந்த ஒளி படும் மேற்பரப்பில்தான் வேலை செய்யும், மடிப்புக்குள் நிழல்தான். ஃபார்மலின் மாத்திரை போட்ட பெட்டியில் மடித்த துணியை வைத்து எடுப்பதும் ஆட்டோகிளேவுக்கு மாற்றாகாது. இவற்றைவிட மோசம், ஒரே முறை போடும் கவுன்களைச் சேகரித்து, துவைத்து, மடித்து, புது உறையில் போட்டு மலிவாகத் தரும் இடைத்தரகர்கள். அந்தத் துணி பலமுறை துவைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஈரத்தைத் தடுக்கும் குணம் கெட்டுவிட்டால், ரத்தம் உள்ளே ஊறும், உள்ளிருக்கும் கிருமி வெளியே வரும். உறையில் தயாரிப்பாளர் பெயர், லாட் எண், ஸ்டெரைல் செய்த முறை எதுவும் இல்லாத கவுனை விலைக்காக வாங்கும் இடத்தில், நீங்கள் எவ்வளவு அழகாக மடித்தும் பயனில்லை. வெளியே சலவைக்குக் கொடுத்து மடித்தே வாங்குகிறீர்களா? வரும் பேக்குகளில் ஒன்றை அவ்வப்போது பிரித்துப் பாருங்கள். ஆய்வுக்கு வருபவர்கள் பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்றுதான் புரட்டுகிறார்கள். பேக்கைப் பிரித்து மடிப்பைப் பார்த்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதனால் அந்த வேலை உங்கள் தலையில்தான்.

எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டிருந்தீர்கள். பேக்குக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பொறுத்தது அது. நனையாமல், கிழியாமல், நசுங்காமல், அடிக்கடி கை மாறாமல் இருந்தால் நாள் கணக்கு பெரிய விஷயமில்லை. நேற்று செய்த பேக்கே இன்று ஈரம் பட்டால் போச்சு. ஆனால் உங்கள் மருத்துவமனை ஒரு கால வரம்பு வைத்திருந்தால் அதை மதியுங்கள், பழையதை முன்னே வைத்து முதலில் அனுப்புங்கள். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்ததும் சூடான பேக்கைக் குளிர்ந்த கல்மேடையிலோ உலோகத் தட்டிலோ வைக்காதீர்கள், அடியில் வியர்த்து நனையும். கம்பித் தட்டிலேயே ஆறட்டும், அதுவரை கை வைக்க வேண்டாம். ஈரத்தோடு வந்த பேக்கை வெயிலில் காயவைத்து அலமாரியில் வைப்பது பெரிய தப்பு. அதைப் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும். அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து 20 முதல் 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், மேலே கூரைக்கு 45 சென்டிமீட்டர், வெளிச்சுவருக்கு 5 சென்டிமீட்டர் இடைவெளி. அறையில் ஈரப்பதம் 70 சதவீதத்துக்குள். இடம் பத்தவில்லை என்று அமுக்கி அடுக்காதீர்கள், ரப்பர் பேண்டும் போடாதீர்கள். அமுக்கி விடும்போது பேக் வெளிக்காற்றைத் தூசியோடு உள்ளே இழுக்கும்.

கடைசிக் கேள்வி, பிரித்த கவுனைத் திரும்ப மடிப்பது. கூடாது. யாரும் தொடவில்லை, மேசையில் சும்மாதான் கிடந்தது என்று தியேட்டரிலிருந்து திருப்பி அனுப்புவார்கள். சுற்றுத்துணி பிரிந்த நேரத்திலிருந்து அதற்குக் காவல் இல்லை. திரும்ப மடிக்கும் உங்கள் கையும் ஸ்டெரைல் இல்லை. அதைச் சலவைக்கே அனுப்புங்கள். துவைக்காமல் நேராக மறுபடி ஆட்டோகிளேவில் போடுவதும் சரியல்ல. ஒருமுறை சூடுபட்டு வறண்ட பருத்தி நூல், துவைக்கும்போதுதான் இழந்த ஈரப்பதத்தைத் திரும்பப் பெறும். வறண்ட துணியை மீண்டும் ஆவியில் வைத்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறும், நூல் பலவீனமாகும், கிருமி நீக்கமும் சரியாக நடக்காது. அதே காரணத்துக்காக, கால வரம்பு முடிந்து அலமாரியிலிருந்து திரும்பும் பேக்கையும் பிரித்து, துவைத்து, வெளிச்சத்தில் பார்த்து, புது இண்டிகேட்டர் வைத்துத்தான் மடிக்க வேண்டும்.