வலார், மையார்: ஓர் அட்டவணைத் திருத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டோல்கீனின் நாவல்களை முடித்துவிட்டு இப்போது ‘சில்மரில்லியன்’ படிக்கிறேன். பெயர்கள் குழப்புவதால் தேவதூதர்களை ஓர் அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறேன். மேலே எரு என்ற கடவுள், அடுத்து வலார், கீழே மையார். மந்திரவாதிகளான காண்டால்ஃப், சாருமான், கொடுங்கோலன் சவ்ரான், நெருப்புப் பூதமான பால்ராக் எல்லோருமே மையார்தான் என்கிறார்கள். ஒரே தட்டில் இருப்பவர்கள் என்றால் சவ்ரானைக் கண்டு காண்டால்ஃப் ஏன் அஞ்ச வேண்டும்? ஆவிகளுக்குச் சாவில்லை என்றால் பால்ராக் எப்படிச் செத்தது? யாரென்றே பிடிபடாத டாம் பாம்படிலை எந்தக் கட்டத்தில் போடுவது?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

உங்கள் அட்டவணையில் பிழை இல்லை. அதைப் பலத்தின் ஏணியாக வாசிப்பதில்தான் சிக்கல்.

தேவதூதர் வரிசை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கிறிஸ்தவ மரபின் ஒன்பது அணிகள். பழைய தமிழ் ஜெபப் புத்தகங்களில் பத்திசுவாலகர், ஞானாதிக்கர், பத்திராசனர் என்று தொடங்கும் சம்மனசுகளின் சபைகள் அவைதான். கடவுளுக்கு எவ்வளவு அருகில் என்பது அங்கே அளவுகோல். டோல்கீன் கத்தோலிக்கர், ஆனாலும் தன் உலகத்துக்கு அந்த ஒன்பதை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. புராணத் தெய்வங்களைப் போல ஆளுக்கொரு துறையைப் பிரித்துக் கொடுத்தார். 1951இல் ஒரு பதிப்பாளருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், வலார் தங்கள் தங்கள் எல்லைக்குள் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைச் செலுத்துபவர்கள் என்று விளக்குகிறார். படைக்கும் அதிகாரம் அதில் சேராது. கைவினைக்குரிய வலாரான அவுலே குள்ளர்களைச் செய்து பார்த்தார். அவர் நினைத்தபோது மட்டும் அசைந்தன அந்த உருவங்கள். எரு மனமிரங்கி ஏற்றுக்கொண்ட பிறகே அவற்றுக்குச் சொந்த உயிர் வந்தது.

எரு முதலில் உண்டாக்கியவர்கள் ஐனூர். அவர்களின் இசையில் உலகத்தின் வரைவு பிறந்தது. அவர்களில் ஒரு பகுதியினர்தான் உலகத்துக்குள் இறங்கினார்கள். இறங்கியவர்களில் பெரியவர்கள் வலார், மற்றவர்கள் மையார். வலார் 14 பேர், ஆண் 7, பெண் 7. தீமையின் பக்கம் போன மெல்கோர் கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர். இந்தப் 14 பேரிலும் எட்டுப் பேருக்கு ‘ஆரதார்’ என்ற தனிச் சிறப்பு உண்டு: மான்வே (வலாரின் தலைவர்), வர்தா, உல்மோ, யவன்னா, அவுலே, மாண்டோஸ், நியென்னா, ஓரோமே. மல்யுத்த வீரரான துல்காஸ் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். மெல்கோரையே மண்ணில் சாய்த்துக் கட்டியவர் அவர். கண்ணீருக்குரிய நியென்னாவோ எட்டில் ஒருவர். உடல் பலம்தான் வரிசையைத் தீர்மானிக்கிறது என்றால் இது எப்படி நடக்கும்?

மையார் எத்தனை பேர் என்று எண்ணிக்கை கிடையாது. பெயர் தெரிந்தவர்களைத் துறைவாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எயோன்வே மான்வேயின் கட்டியக்காரர். ஓஸ்ஸேயும் உய்னெனும் உல்மோவின் கடலைச் சேர்ந்தவர்கள். சவ்ரானும் சாருமானும் அவுலேயின் பட்டறையிலிருந்து வந்தவர்கள். இருவரும் கடைசிவரை மோதிரம், கருவி, சக்கரம் என்றே திரிந்ததற்குக் காரணம் அங்கே இருக்கிறது. தொடக்கக் காலக் கதைகளில் வலாருக்குப் பிள்ளைகள் உண்டு. மான்வேயின் மகனாக இருந்த ஃபியோன்வேதான் பிற்பாடு எயோன்வே என்ற கட்டியக்காரராக மாறினார். பழைய வரைவுகளையும் பிந்தியவற்றையும் கலந்து தொகுத்த இணையப் பக்கங்கள் இந்த இடத்தில் குழப்பிவிடும். பால்ராக்குகளும் அப்படித்தான். முதலில் படை படையாக வந்தவை. பிந்திய குறிப்பொன்றில் மொத்தமே மூன்று, மிஞ்சினால் ஏழு என்று சுருக்கிவிட்டார்.

இனி உடல். ஐனூருக்கு உடல் ஆடை மாதிரி, உடுத்தலாம், களையலாம். ஆனால் ஒரே உடலில் நெடுங்காலம் இருந்தால், அதிலும் அந்த உடலைக் கொண்டு பிறரை அடக்கி ஆண்டால், ஆடை தோலாக ஒட்டிக்கொள்கிறது. மெலியான் என்ற மையா எல்ஃப் அரசனை மணந்து லூதியன் என்ற மகளைப் பெற்றவள். பிள்ளைப்பேறு அவளை உடலோடு கட்டிப்போட்டது. மெல்கோருக்கு நேர்ந்தது இதைவிட மோசம். எல்ஃப் அரசன் ஃபிங்கோல்ஃபின் அவரை ஏழு இடங்களில் வெட்டினான். காயம் ஆறவே இல்லை, அதன்பின் நொண்டியபடியே நடந்தார். உலகத்துப் பொருள்களுக்குள் எல்லாம் தன் ஆற்றலைக் கரைத்துவிட்டிருந்தார், மீட்டெடுக்க வழியில்லை. இரண்டாம் யுகத்துச் சவ்ரான், முதல் யுகத்தின் இறுதியிலிருந்த மெல்கோரைவிட நடைமுறையில் வலியவர் என்று டோல்கீனே ஒரு கட்டுரையில் எழுதுகிறார். ஏணியின் உச்சியில் நின்றவரை வேலைக்காரன் மிஞ்சிவிட்டான்!

ஆவி சாவதில்லை. பால்ராக் இழந்தது உடலை. உடல் போனால் மையாருக்கு என்ன ஆகும் என்பதை ஹுவான் என்ற வேட்டைநாய் சவ்ரானின் கழுத்தைக் கவ்வும் காட்சியில் பார்க்கலாம். சவ்ரான் ஓநாயாகிறார், பாம்பாகிறார், சொந்த வடிவத்துக்கே திரும்பியும் பார்க்கிறார், பிடி தளரவில்லை. கோபுரத்தை ஒப்படைக்காவிட்டால் உடலை உரித்து வெறும் ஆவியாக மெல்கோரிடம் அனுப்பிவிடுவேன் என்கிறாள் லூதியன். உடனே பணிந்துவிடுகிறார். பிற்பாடு நூமெனோர் என்ற தீவு கடலில் மூழ்கியபோது அவர் உடல் போனது. அதன்பின் அழகிய தோற்றம் அவருக்குக் கூடவே இல்லை. அவர் செய்த மோதிரம் அழிந்தபோது வடிவெடுக்கும் வலுவே போய்விட்டது, ஏனென்றால் ஆற்றலின் பெரும்பகுதி அதற்குள் இருந்தது. சாருமான் செத்ததும் சாம்பல்நிற மூட்டமாய் எழுந்து மேற்கே பார்க்கிறார். மேற்கிலிருந்து வரும் காற்று அதைக் கலைத்துவிடுகிறது. காண்டால்ஃபும் செத்தவர்தான், ஆனால் அவர் திருப்பி அனுப்பப்பட்டார். மூவரும் மையார், மூவரின் முடிவும் வேறு.

காண்டால்ஃபின் அச்சத்துக்கும் இங்கேயே விடை இருக்கிறது. மூன்றாம் யுகம் 1000 வாக்கில் வந்த, காண்டால்ஃப் உட்பட ஐந்து இஸ்தாரிகளுக்கும் (மந்திரவாதிகளுக்கும்) மெய்யான கிழட்டு உடல் கொடுக்கப்பட்டது. பசி, களைப்பு, வலி, பயம் எல்லாம் உண்டு. சவ்ரானின் பலத்தைப் பலத்தால் எதிர்க்கக்கூடாது, அச்சுறுத்தி யாரையும் ஆளக்கூடாது என்ற கட்டளை வேறு. எனக்குப் பலம் போதாது, சவ்ரானைக் கண்டால் பயம் என்று காண்டால்ஃப் முதலில் மறுத்தபோது, அதனால்தான் நீ போக வேண்டும் என்றாராம் மான்வே.

ஆகவே அட்டவணையில் பெயருக்குப் பக்கத்தில் மூன்று பத்திகள் சேருங்கள்: யாருடைய துறை, இப்போது எந்த உடல், ஆற்றலை எதில் போட்டுவைத்திருக்கிறார். யுகத்துக்கு யுகம் பின்னிரண்டும் மாறும் என்பதால் பென்சிலில் எழுதுவது நல்லது.

டாம் பாம்படிலைக் கட்டத்துக்கு வெளியிலேயே விட்டுவிடுங்கள். புராண காலத்திலும் சில புதிர்கள் இருந்தாக வேண்டும், இவர் வேண்டுமென்றே வைத்த புதிர் என்று 1954இல் ஒரு கடிதத்தில் டோல்கீன் சொல்லிவிட்டார்.