இருவழி எண்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 12345678987654321 பகா எண்ணா என்று என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது? (வாசகி, திருப்பாதிரிப்புலியூர்)

இல்லை, அம்மா. இது முன்னிருந்தும் பின்னிருந்தும் ஒரே மாதிரி படிக்கப்படும் இருவழி எண்; பகா எண் அல்ல. இலக்கங்களைக் கூட்டினால் 81 வருகிறது. 9-ஆல் வகுபடும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைவிடச் சுவையான செய்தி, இது ஒரு முழு வர்க்கம். 111111111-ஐ அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது இதுதான். கால்குலேட்டரைப் பிடுங்கி வைத்துவிட்டு, மகனைக் காகிதத்தில் பெருக்கச் சொல்லுங்கள். ஒன்பது வரிசை ஒன்றுகள், ஒவ்வொரு வரிசையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளி நிற்கும். செங்குத்தாகக் கூட்டினால் ஓரத்தில் ஒன்று, அடுத்தது இரண்டு, நடுவில் ஒன்பது, பிறகு இறங்குமுகம். எந்த இடத்திலும் ‘கையில் ஒன்று’ வராததால்தான் வடிவம் குலையாமல் இருக்கிறது. பத்து ஒன்றுகளை எடுத்துக்கொண்டால் நடுவில் பத்து சேர்ந்துவிடும், விடை 1234567900987654321. திருப்பிப் படித்துப் பாருங்கள், பொருந்தாது. பையன் இன்னும் விடவில்லை என்றால் பகாக் காரணிகளைக் கேளுங்கள்: 3 நான்கு முறை, 37 இரண்டு முறை, 333667 இரண்டு முறை.

கேள்வி: ஆறு இலக்க இருவழி எண்களில் ஒரு பகா எண்கூட அகப்படவில்லையே, ஐயா? (மாணவர், லாஸ்பேட்டை)

தேடுவதை நிறுத்திவிடலாம். இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் இருவழி எண் 11-ஆல் வகுபட்டே தீரும். ஒற்றை இடத்து இலக்கங்களைத் தனியே, இரட்டை இடத்து இலக்கங்களைத் தனியே கூட்டுங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஜோடி எதிர் வரிசையில் நிற்பதால் இரண்டு கூட்டுத்தொகையும் சமம்; அப்படிச் சமமானால் எண் 11-ஆல் வகுபடும். உங்கள் ஊர் பின்கோடு 605 என்று தொடங்குகிறது. அதை இருவழியாக நீட்டினால் 605506, அதாவது 11 × 55046. இந்த வகையில் தப்பிய பகா எண் 11 ஒன்றே.

கேள்வி: நடுவில் 666 உள்ள பெரிய எண் ஒன்று கெட்ட சகுனம் என்கிறார்களே? (வாசகர், பண்ருட்டி)

1000000000000066600000000000001-ஐச் சொல்கிறீர்கள். 31 இலக்கம், 666-க்கு இருபுறமும் 13 சுழியங்கள். ஹார்வி டப்னர் கண்டுபிடித்த பகா எண் இது. பெல்ஃபகோர் என்ற பேயின் பெயரைச் சூட்டியவர் கிளிஃபோர்ட் பிக்கோவர். பயத்துக்கு இடமில்லை. இருவழித்தன்மையே நாம் பத்தடிமானத்தில், அதாவது 0 முதல் 9 வரையான பத்து இலக்கங்களால், எழுதுவதால் வருவது. 11-ஐ ஈரடிமானத்தில் (0, 1 மட்டும் கொண்டு) எழுதினால் 1011, திருப்பினால் மாறிவிடும். எண் அதேதான். பகாத்தன்மையோ எப்படி எழுதினாலும் போகாது; என் கண்ணுக்கு அதுதான் இந்த எண்ணின் உண்மையான பெருமை.

கேள்வி: எந்த எண்ணையும் இருவழி எண்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா? (வாசகர், மஞ்சக்குப்பம்)

முடியும், மூன்று போதும். சில்லெருவேலோ, லூக்கா, பாக்ஸ்டர் ஆகிய மூவரும் இதை நிறுவி 2018-இல் வெளியிட்டார்கள். கடலூர் தலைமைத் தபால் நிலையத்தின் 607001-ஐயே எடுத்துக்கொள்வோம்: 606606 + 393 + 2.