மோகனத்துக்குக் கார்டு போடலாமா? மெட்டமைப்பு கேள்வி பதில்

மஞ்சக்குப்பத்தில் வாய்ப்பாட்டும் கீபோர்டும் சொல்லிக்கொடுக்கிறேன், மெட்டும் போடுகிறேன். பல பாணிகளில் இசையமைக்கக் கற்பது பற்றிக் கடலூர், பாண்டிச்சேரிப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. கார்டு என்று வரும் இடமெல்லாம், சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பதைச் சொல்கிறேன்.

நெல்லிக்குப்பம் தம்பி: அக்கா, ஆறு வருஷம் வாய்ப்பாட்டு படிச்சேன். மோகனத்துல ஒரு மெட்டு போட்டிருக்கேன், கார்டு சேர்த்தா ராகம் கெட்டுப்போகுது. என்ன செய்யறது?

கெட்டுப்போகிறது என்று உன் காதே சொல்கிறதே, அது பெரிய பலம் தம்பி. காரணம் இதுதான். மோகனத்தில் ச ரி க ப த மட்டும்தான். மேற்கத்தியப் பாட்டில் அதிகம் புழங்குகிற மூன்று கார்டு ச-க-ப, ம-த-ச, ப-நி-ரி. இரண்டாவதில் ம நுழைகிறது, மூன்றாவதில் நி நுழைகிறது, உடனே காது சங்கராபரணத்துக்குப் போய்விடுகிறது. அதனால் முதலில் ராகத்துக்குள்ளேயே கிடைப்பதை எடுத்துக்கொள். ச-க-ப ஒன்று, த-ச-க ஒன்று, பஞ்சமத்தில், அதாவது ப-வில், நிற்கும் இடத்துக்கு நி இல்லாமல் வெறும் ப-ரி. இந்த மூன்றை வைத்தே ஒரு பல்லவியை முழுசாக ஓட்டலாம்.

அப்புறம் ஒரு சோதனை செய்து பார். வலது கையில் க-வை மட்டும் அழுத்திப் பிடி. இடது கையில் ச-க-ப போடு, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். வலது விரலை எடுக்காமல் இடது கையை மட்டும் த-ச-க என்று மாற்று, அதே க-வில் ஒரு ஏக்கம் வந்துவிடும். இப்போது ம-த-ச போடு. க எங்கேயும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். மெட்டில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை பார்! இந்த மூன்றாவது நிறம் உனக்குப் பிடித்திருந்தால், ம வருவது தெரிந்தே, பாட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் வை.

வில்லியனூர் நண்பர்: அப்படியே தோடிக்கும் செய்யலாமா?

வேண்டாம் சார். தோடி ராகத்தின் காந்தாரம், அதாவது க, ஓர் இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். கீழே கார்டில் அசையாத க ஒன்றை வைத்தால் இரண்டும் மோதும். ச-ப மட்டும் பிடியுங்கள், அதுவே போதும். கார்டு பழக மோகனம், ஹம்ஸத்வனி, சங்கராபரணம், கீரவாணி நல்லவை.

முதலியார்பேட்டை தங்கை: கர்நாடகம், புளூஸ், குத்து, சர்ச் பாட்டு எல்லாத்துலயும் ஆசை. எதுல ஆரம்பிக்கலாம், என்ன புஸ்தகம் வாங்கலாம்?

புத்தகத்தை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் தங்கை. நான் தியரி புத்தகத்தோடு இரண்டு வருஷம் கழித்தேன், எட்டு பார் (மேற்கத்திய இசையின் தாளக் கட்டம்) சொந்தமாக எழுத வரவில்லை. பாட்டுகளைக் காதால் கேட்டு நோட்டில் எழுத ஆரம்பித்த பிறகுதான் கை ஓடியது. இது பெரியவர்கள் போன வழிதான். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், இத்தாலியின் விவால்டி வாத்தியக் குழுவுக்கு எழுதிய கான்செர்ட்டோக்களை எடுத்துத் தன் கீபோர்டுக்கு மாற்றி எழுதிக் கற்றார். நம் முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர் மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் செய்தார், நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவைதான். பிரிட்டிஷ் தேசிய கீத மெட்டுகூட அதில் உண்டு.

உனக்குப் பிடித்த பாணியில் மூன்று நிமிஷப் பாட்டு ஒன்றை எடு. பாஸ் (அடியில் ஒலிக்கும் கனத்த ஒலி) எந்த ஸ்வரத்தில் இருக்கிறது, டிரம் எந்த இடத்தில் நுழைகிறது, எங்கே எல்லாம் நிசப்தம், ஒரு வரி எத்தனை முறை திரும்புகிறது, எல்லாவற்றையும் எழுது. பிறகு அந்தச் சட்டகத்துக்குள் உன் சொந்த மெட்டை வை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸுக்கு உன்னிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. சுத்த தன்யாசியின் ச க ம ப நி எடுத்துக்கொள், ம-வுக்கும் ப-வுக்கும் நடுவில் பிரதி மத்யமத்தை (சற்று உயர்ந்த ம) லேசாக உரசிவிட்டுப் போ, அந்த வாடை வந்துவிடும். பன்னிரண்டு பார் கணக்கு: ச கார்டு நான்கு பார், ம கார்டு இரண்டு, ச இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, ச இரண்டு.

குத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் லூப்பை நம்பாதே. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்ப் பறை அடிப்பவர் பக்கத்தில் நின்று கேள். நீளமான மெல்லிய குச்சி ஒரு சத்தம், குட்டையான தடித்த குச்சி வேறு சத்தம், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்த நூலிழை இடைவெளியில்தான் ஆட்டமே இருக்கிறது. அதை நேரில் கேட்டால்தான் பிடிபடும்.

பாண்டிச்சேரி சர்ச் பாடகர் குழு அண்ணன்: நாலு குரலுக்கு எழுதினா எல்லாரும் தடுமாறறாங்க.

நடுக்குரல்களைத் தாவ விடாதீங்க அண்ணா. அடுத்த கார்டிலும் இருக்கிற ஸ்வரத்தை அதே குரலில் அப்படியே நிறுத்துங்கள், மற்றவை பக்கத்து ஸ்வரத்துக்கு நகரட்டும். ச-க-ப விலிருந்து ம-த-ச போகும்போது ச நிற்கும், க ம-வுக்குப் போகும், ப த-வுக்குப் போகும். இரண்டு குரல் ச-ப இடைவெளியிலேயே சேர்ந்து ஏறி இறங்கினால் நாலு குரல் மூன்று மாதிரி மெலிந்து கேட்கும், அதையும் பாருங்கள். எழுதிய ஒவ்வொரு குரலையும் நீங்களே தனியாகப் பாடிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

பண்ருட்டி தம்பி: என்ன சாஃப்ட்வேர் அக்கா?

நொட்டேஷன் எழுத மியூஸ்ஸ்கோர், இலவசம். பதிவு செய்ய முதலில் கையிலிருக்கிற போனே போதும்.

திருப்பாதிரிப்புலியூர் தம்பி: பல்லவி நல்லா வருது, அதுக்கு மேல போகவே மாட்டேங்குது. பத்து பாட்டு பாதியில கிடக்குது.

நீ அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன். பல்லவியிலேயே மேல் ச-வைத் தொட்டுவிட்டாய், அதற்கப்புறம் ஏற இடமில்லை. கிருதிகளைக் கவனி. பல்லவி பெரும்பாலும் நடுவிலேயே உலாவும், அனுபல்லவிதான் தார ஸ்தாயிக்கு, அதாவது மேல் ச-வுக்கும் அதற்கு மேலும், ஏறும், சரணம் கீழிருந்து மறுபடி கிளம்பும். உன் இரண்டாம் வரியை ப-வோடு நிறுத்து. அந்த மேல் ச-வை எடுத்து அனுபல்லவியின் முதல் சொல்லில் வை. இந்த வாரம் வேறெதையும் தொடாதே, அந்த இரண்டு வரியை மட்டும் பாடி அனுப்பு.