10×50 போதுமா, 15×70 வேண்டுமா?

கேள்வி: கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்துகளையும் பூநாரைகளையும் பார்ப்பதற்கும், இரவில் மொட்டைமாடியிலிருந்து விண்மீன்களைப் பார்ப்பதற்கும் சேர்த்து ஒரே பைனாகுலர் வாங்க விரும்புகிறேன். கடைக்காரர் 15×70 வாங்கச் சொல்கிறார். நண்பர் 10×50 போதும் என்கிறார். எனக்கு வயது 54, மூக்குக்கண்ணாடி அணிகிறேன். எதை வாங்கலாம்?
– வாசகர், நாங்குநேரி

பதில்: நண்பர் சொல்வதையே கேளுங்கள். முதல் எண் உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், இரண்டாவது எண் முன்பக்க லென்ஸின் விட்டத்தை மில்லிமீட்டரிலும் குறிக்கின்றன. 70 மி.மீ. லென்ஸ் 50 மி.மீ. லென்ஸைவிட ஏறத்தாழ இரு மடங்கு ஒளியைச் சேர்க்கும் என்பதால் கடைக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் 15 மடங்கு பெரிதாவது விண்மீன் மட்டுமன்று, உங்கள் கை நடுக்கமும்தான். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள அந்தக் கருவியைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். விண்மீன்கள் புள்ளியாக நிற்காமல் புழுவாய் நெளியும். டிரைபாடில் பொருத்தினால் அதுவே அருமையான கருவி. கையில் பிடிப்பதற்குப் பெரும்பாலோருக்கு 10 மடங்குதான் எல்லை.

பறவைகளுக்கும் இதுவே பொருந்தும். 10×50 பொதுவாக ஆறரை பாகை அகல வானத்தைக் காட்டும். 15×70 நாலரை பாகையைக்கூட எட்டுவதில்லை. குளத்திலிருந்து எழும்பிவிட்ட வாத்துக்கூட்டத்தை அந்தச் சிறிய வட்டத்துக்குள் கொண்டுவருவதற்குள் அது அடுத்த குளத்துக்குப் போயிருக்கும்.

உங்கள் வயதும் இதில் ஒரு கணக்கு. விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். இளவயதில் இருட்டில் ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும் கண்மணி, ஐம்பதைத் தாண்டியபின் பலருக்கு 5 மி.மீ. அளவோடு நின்றுவிடுகிறது. 10×50 தருவதும் சரியாக 5 மி.மீ.தான். ஏறத்தாழ 7 மி.மீ. கற்றை தரும் 7×50 வாங்கினால், அது சேர்க்கும் ஒளியில் ஒரு பகுதி உங்கள் கண்ணுக்குள் நுழையாமலே வீணாகும்.

சாய்வு நாற்காலியில் அமர்ந்து, முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிப் பாருங்கள். வியாழனின் நான்கு பெரிய நிலவுகள், ஒரே காட்சியில் அடங்கும் கார்த்திகைக் கூட்டம், நல்ல இருட்டில் புகைத்திட்டாகத் தெரியும் ஆண்ட்ரோமிடா விண்மீன் மண்டலம் ஆகியவை 10×50-இல் தெரியும். சனியின் வளையம் தெரியாது. யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கண்ணாடியோடு பார்ப்பவர் என்பதால், முழுக்காட்சியும் தெரிய கண்ணுக்கும் பின்பக்க லென்ஸுக்கும் இடையே 15 மி.மீ.க்குக் குறையாத இடைவெளியை அனுமதிக்கும் மாதிரியைக் கேளுங்கள். கடை வாசலில் நின்று தொலைவிலுள்ள செல்போன் கோபுரத்தைப் பாருங்கள். உருவம் இரண்டாகப் பிரிந்தாலோ கண் இழுப்பதுபோல் இருந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சிவப்பாக மின்னும் லென்ஸ், ஜூம் வசதி ஆகிய இரண்டுக்கும் மயங்க வேண்டாம்.

சூரியனை நோக்கி ஒரு கணமும் திருப்பக்கூடாது. மாலையில் குளக்கரையில் மேற்கே பறக்கும் பறவையைப் பின்தொடரும்போது இதை மறந்துவிடுவது எளிது. மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.