லீஸ் பணமும் கடன்தான்

கேள்வி: எனக்கு 41 வயது. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் 28,000. கணவர் கன்டெய்னர் யார்டில் வேலை, 32,000 வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பா 1994-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கால் கிரவுண்டு வீடு இருக்கிறது. அப்பா 2019-ல் தவறிவிட்டார். உயில் எதுவும் இல்லை. அம்மா, அண்ணன், நான், தம்பி, நான்கு பேர்தான். கீழே அம்மாவும் தம்பி குடும்பமும் இருக்கிறார்கள். மாடியை லீஸுக்கு, அதாவது மாத வாடகை இல்லாமல், காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய மொத்தத் தொகைக்கு விட்டிருக்கிறோம். முதலில் 5 லட்சம் வாங்கினோம், அப்பாவின் ஆஸ்பத்திரி கடனுக்கும் அண்ணன் கடனுக்கும் போய்விட்டது. 2022-ல் அடுத்தவரிடம் 7 லட்சம் வாங்கி முந்தையவருக்குக் கொடுத்தது போக மீதியில் தம்பி மினி லாரி எடுத்தான். போன வருடம் 9 லட்சம் வாங்கினோம், அதில் மிச்சமான 2 லட்சத்தில் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. இப்போது தம்பி துறைமுகத்துக்கு ஓட்ட ஒரு பழைய டிரெய்லர் வாங்க வேண்டும் என்கிறான். லோன் ஏஜென்ட் ஒருவர் வீட்டை வைத்து 35 லட்சம் எடுங்கள், 9 லட்சத்தில் லீஸை முடியுங்கள், 17 லட்சத்தில் டிரெய்லர் வாங்குங்கள், மீதி 9 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் லாபத்திலேயே தவணை கட்டலாம் என்கிறார். என் பங்கைத் தம்பி பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் லோன் சுலபமாம். ஆனால் சம்பள ரசீது உள்ளவர்கள் என்பதால் நானும் கணவரும் கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். இதற்கிடையில் பேங்க் வக்கீல், 2021-ல் இறந்த எங்கள் பாட்டியின் (அப்பாவின் அம்மா) இறப்புச் சான்றிதழைக் கேட்கிறார். எதற்கு? சொத்து வரியை அம்மா பெயருக்கு மாற்றியாகிவிட்டதே, அது போதாதா? தம்பி முகத்தைப் பார்த்தால் மறுக்க மனசு வரவில்லை. கையெழுத்துப் போடலாமா?
— பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: போடாதீர்கள். விடுதலைப் பத்திரத்திலும் வேண்டாம், கடன் பத்திரத்திலும் வேண்டாம். இரண்டையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதல் தாளில் கையெழுத்துப் போட்டால் வீட்டில் உங்களுக்குப் பங்கு கிடையாது. இரண்டாவது தாளில் போட்டால் 35 லட்சத்துக்கும் நீங்கள் பொறுப்பு. சொத்து தம்பிக்கு, கடன் உங்களுக்கு என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். கூட்டாகக் கையெழுத்துப் போட்டவரிடம் பாதிதான் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள், முழுத் தொகையையும் உங்களிடமே கேட்க பேங்குக்கு உரிமை உண்டு. பதிவான விடுதலைப் பத்திரத்தைப் பிறகு மனசு மாறி ரத்து செய்யவும் முடியாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது டிரெய்லர் இல்லை, அந்த லீஸ்தான். வட சென்னையில் லீஸ் பணத்தை யாரும் கடன் என்று சொல்வதில்லை. வட்டி இல்லை, மாதத் தவணை இல்லை, வீட்டுப் படி ஏறி வந்து யாரும் கேட்பதில்லை. அதனால் அது நம் பணம் போலவே தோன்றிவிடுகிறது. கணக்குப் பார்ப்போம். உங்கள் தெருவில் ஒரு மாடி போர்ஷனுக்கு 11,000 வாடகை வரும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 1,32,000. அந்த வாடகையை விட்டுக்கொடுத்து 9 லட்சம் வாங்கியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் கட்டும் வட்டி கிட்டத்தட்ட 14.7 சதவீதம். பேங்க்கில் வீட்டை அடமானம் வைத்தால்கூட அதைவிடக் குறைவு. 2019-லிருந்து மாதம் சராசரியாக 9,000 என்று வைத்தாலும், ஆறு வருடத்தில் வராமல் போன வாடகை 6.5 லட்சம். அவ்வளவு கட்டிய பிறகும் அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை. 5 லட்சமாக இருந்தது 9 லட்சமாக வளர்ந்திருக்கிறது.

ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் சொந்தத்தில் ஒருவருடைய தேவை முளைத்திருக்கிறது பாருங்கள். அண்ணன் கடன், தம்பி லாரி, மஞ்சள் நீராட்டு. யாரையும் குறை சொல்லவில்லை, எல்லாம் நியாயமான செலவாகவே இருக்கலாம். ஆனால் அம்மாவின் மாடி, குடும்பத்துக்கே பொதுவான ஏ.டி.எம். ஆகிவிட்டது. இந்த 35 லட்சமும் அதே பழக்கத்தின் அடுத்த படிதான். அளவு மட்டும் பெரிது.

15 வருடத்துக்கு 11 சதவீதம் என்று வைத்தால் 35 லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 39,800. உங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 60,000. தம்பிக்கு ஒரு மாதம் ஓட்டம் இல்லையென்றால் 20,000 ரூபாயில் உங்கள் குடும்பம் நடக்க வேண்டும். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது 71 லட்சத்தைத் தாண்டும், வீட்டின் மதிப்பு 72 லட்சம் என்று வைத்தால் அது கிட்டத்தட்ட வீட்டின் விலை. தொடர்ந்து மூன்று மாதம் தவணை நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். பிறகு 2002-ம் வருட சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பணம் கேட்டு வழக்குப் போடாமலே வீட்டை எடுக்கும் வேலையை பேங்க் தொடங்கலாம். அம்மா கீழே குடியிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

மீதி 9 லட்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடும் யோசனையைப் பற்றி நீளமாகப் பேச எனக்குப் பொறுமை இல்லை. 11 சதவீத வட்டிக்கு வாங்கிய பணத்தில் வரிபோக 11-க்கு மேல் லாபம் வந்தால்தான் உங்களுக்கு ஒரு ரூபாய் மிஞ்சும். 2020-ல் ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் முடிவதற்குள் பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 38 சதவீதம் விழுந்தது. பிறகு ஏறியது, உண்மைதான். ஆனால் ஏறும்வரை தவணை காத்திருக்காது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மாதாமாதம் ஃபண்டில் போடுங்கள், நல்லது. அம்மாவின் வீட்டை அடகு வைத்துப் போடச் சொல்பவருக்கு எவ்வளவு பெரிய கடனோ அவ்வளவு பெரிய கமிஷன் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி வக்கீல் கேட்ட பாட்டி விஷயம். உங்கள் வீட்டில் யாரும் கவனிக்காமல் விட்டது இதுதான், அந்த வக்கீல் கேட்டதற்கு நன்றி சொல்லுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயாருக்கும் சமமாகப் போகும். அப்பா இறந்த 2019-ல் பாட்டி உயிரோடு இருந்தார். ஆக வாரிசு நான்கு பேர் இல்லை, ஐந்து பேர். ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. 2021-ல் பாட்டி உயில் இல்லாமல் இறந்திருந்தால், அவருடைய அந்தப் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு இரண்டு அத்தைகள் இருந்து, தாத்தா முன்பே இறந்துவிட்டதாக வைத்துக் கணக்குப் போடுகிறேன். பாட்டியின் பங்கு மூன்றாகப் பிரியும்: அத்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று, இறந்துபோன உங்கள் அப்பாவுக்கு உரியது அவர் பிள்ளைகளான உங்கள் மூவருக்கும். உங்கள் அம்மாவுக்கு இதில் பங்கு வராது.

வீட்டை 45 கூறாகப் போட்டால் அம்மாவுக்கு 9, உங்கள் மூவருக்கும் ஆளுக்கு 10, அத்தைகளுக்கு ஆளுக்கு 3. வீட்டின் மதிப்பு 72 லட்சம் என்றால் ஒரு கூறு 1.6 லட்சம். உங்கள் பங்கு 16 லட்சம், அம்மாவுடையது 14.4 லட்சம், ஒவ்வொரு அத்தைக்கும் 4.8 லட்சம். தம்பி முகத்துக்காக நீங்கள் எழுதிக் கொடுக்கப் போவது அந்த 16 லட்சத்தை.

“அத்தைகள் எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்” என்று வீட்டில் பேச்சு வரும். வாய்ப்பேச்சு சப்-ரிஜிஸ்திராரிடம் செல்லாது. அவர்கள் விட்டுக்கொடுப்பதாக இருந்தால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் பாட்டி பெயர் விட்டுப்போயிருந்தால் அதையும் இப்போதே சொல்லிச் சரி செய்யுங்கள். சான்றிதழில் பெயர் இல்லை என்பதால் ஒருவருடைய உரிமை போய்விடாது. நாளைக்கு அத்தை பிள்ளைகள் கேட்டு வந்தால் அது வழக்காகிவிடும். அத்தைகள் இருக்கும்போதே, ஒரு நாள் நேரில் போய் உட்கார்ந்து, இவ்வளவு உங்கள் பங்கு என்று எண்ணிக்கையோடு சொல்லுங்கள். மறைத்து வாங்கும் கையெழுத்து வேண்டாம். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000. அத்தைகள் தங்கள் உடன்பிறந்தவரின் பிள்ளைகளான உங்களுக்கு எழுதுவது அந்தச் சலுகைக்குள் வருமா என்று பத்திரம் எழுதும் முன்பே ரிஜிஸ்திரார் ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொத்து வரி, மெட்ரோ வாட்டர், ஈ.பி. கார்டு எல்லாவற்றிலும் அம்மா பெயர் இருப்பது நல்லதுதான். ஆனால் அது வரி கட்டுபவர் பெயர், உரிமையாளர் பெயர் ஆகாது. இன்னொன்று: 1994-லிருந்து வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்பா எப்போதோ வீட்டை வைத்துக் கடன் வாங்கி அடைத்திருந்து, அதற்கான ரசீது பதிவாகாமல் விட்டிருந்தால் அந்த அடமானம் இன்னமும் அதில் நிற்கும். பழைய பெட்டியில் கடன் முடிந்த கடிதம் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள்.

லீஸ் அக்ரிமென்ட்டையும் எடுத்துப் பாருங்கள். முத்திரைத்தாளில் டைப் அடித்து அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவாக வேண்டும் என்பது சட்டம். வீடு எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது அம்மா ஒருவர் கையெழுத்து போதாது. மாடியில் இருப்பவர் 9 லட்சத்தை நம்பிக் கொடுத்த மனிதர், அவர் பணத்துக்கும் பாதுகாப்பு வேண்டும்.

செய்ய வேண்டியது இது. பத்திரம் சுத்தமான பிறகு அம்மாவும் நீங்கள் மூவரும் சேர்ந்து வீட்டின் மேல் 9 லட்சம் மட்டும் கடன் வாங்குங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம். அந்தப் பணம் உங்கள் யார் கணக்கிலும் தங்காமல் நேராக மாடிக்காரருக்குப் போகட்டும். அவருக்கு விருப்பம் என்றால் 11,000 வாடகைக்கு அவரே தொடரட்டும், முறையாக எழுதி. 10 வருடத்துக்கு 11 சதவீதத்தில் தவணை சுமார் 12,400. வாடகை 11,000 போக மாதம் 1,400 ரூபாய்தான் கைக்காசு. அதை மூன்று பிள்ளைகளும் பிரித்தால் ஆளுக்கு 470 ரூபாய்கூட இல்லை. 10 வருடத்தில் கடன் முடிந்து, வாடகை முழுதும் அம்மா கைக்கு வரும். இந்த வீட்டு அடமானக் கடனைத் தொழில் கடனாக இல்லாமல் உங்கள் சொந்தப் பெயர்களில், ஃப்ளோட்டிங் (ஏறி இறங்கும்) வட்டியில் கேளுங்கள். தொழிலுக்கு அல்லாமல் இப்படி வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

தம்பிக்கு என்ன சொல்வது? வண்டிக்கு வண்டியையே ஈடாக வைத்துக் கடன் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே போகச் சொல்லுங்கள். அவர்கள் மினி லாரியின் வரவு செலவைப் பார்ப்பார்கள். எண்ணூர் பக்கம் டிரெய்லர் வரிசையில் நிற்கும் நாட்களையும், டயர், இன்ஷூரன்ஸ், எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) செலவையும் கழித்துத்தான் எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்வார்கள். வண்டித் தொழிலையே பார்த்துப் பழகியவர்கள் தரத் தயங்கும் தொகைக்கு அம்மாவின் வீட்டை வைக்கக் கூடாது. “அக்கா கையெழுத்துப் போடலைன்னா யார் போடுவாங்க” என்று அவர் கேட்கலாம். மினி லாரியின் ஒரு வருட டிரிப் ஷீட்டையும் பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கொண்டு வா, உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நீங்கள் தினமும் கணக்கு எழுதுபவர், ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். உண்மையில் லாபம் வருகிறது என்றால், முன்பணத்துக்கு உங்கள் சேமிப்பிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் குடும்பம் தாங்கும் ஒரு தொகையைக் கொடுங்கள். கணவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கடைசியாக அம்மா. அவர் உயில் எழுத விரும்பினால் தன்னுடைய 9 கூறுக்கு மட்டும்தான் எழுத முடியும், முழு வீட்டுக்கும் முடியாது. அதை எழுதும்போது இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கிறார் என்பதால், பத்திரம் எழுதும் நாளில் யாரும் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்காமல் வக்கீலிடம் அம்மா தனியாகப் பேசட்டும்.